வாசகர் கேள்வி: ‘விற்றார்’, ‘விற்றாராம்’

கேள்வி: முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடிப்பதற்காக, அதைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் தம் சொத்தை விற்றார் என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதை இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதினேன். மறுநாள் ‘சான்று இல்லை’ என்ற குறிப்போடு யாரோ நீக்கிவிட்டார்கள். பக்க வரலாற்றில் –600 என்று சிவப்பு எண் வேறு. அணைக்குப் பக்கத்தில் வாழ்கிறவனின் சொல் சான்றாகாதா?
– ஒரு வாசகர், குமுளி

பதில்: முதலில் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அது நீக்கப்பட்ட சொற்களின் எண்ணிக்கையன்று, கணினிச் சேமிப்பின் அலகான பைட் கணக்கு. கணினியில் தமிழ் எழுத்தும் அதன் துணைக்குறியும் தனித்தனியே மூன்று பைட் பிடிப்பதால், ‘அணை’ என்ற சிறு சொல்லே ஒன்பது பைட் ஆகிவிடும். நீங்கள் இழந்தது இரண்டு மூன்று வாக்கியங்களே. அவையும் அழிந்துவிடவில்லை, வரலாற்றுப் பக்கத்தில் பழைய பதிப்பைத் திறந்தால் அப்படியே இருக்கும்.

உங்கள் பாட்டனார் பொய் சொன்னார் என்று நீக்கியவர் கருதியதாக நான் நினைக்கவில்லை. விக்கிப்பீடியாவில் ஒரு செய்தி உண்மையா என்று கேட்பதற்கு முன்பே, படிப்பவர் அதை எங்கே போய்ச் சரிபார்க்கலாம் என்று கேட்பார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் இதனை ‘மெய்யறிதன்மை’ என்பார்கள். எழுதுபவர் முகமே தெரியாத இடத்தில் ‘நான் இந்த ஊர்க்காரன்’ என்ற சொல்லை நிறுக்க எவரிடமும் தராசு இல்லை; நாளைக்கே கம்பத்திலிருந்து ஒருவர் வந்து, தம் பாட்டனார் வேறு விதமாகச் சொன்னார் என்று எழுதினால், இரு பாட்டனார்களுக்கும் நடுவே யார் தீர்ப்புச் சொல்வது?

திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தானது என்பதற்கும், அணை 1895இல் முடிந்தது என்பதற்கும் அரசு ஆவணங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் உள்ளன. கட்டுமானத்தைப் பற்றிப் பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி எழுதிய வரலாறு 1899இல் சென்னையில் அச்சாகியிருக்கிறது. சொத்து விற்ற கதை வேறு வகையைச் சேர்ந்தது. அது பென்னிகுவிக்கின் பிறந்த நாளான சனவரி 15 அன்று அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கும் கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் நாவில் வாழ்கிறது. ‘விற்றார்’ என்று எழுத வேண்டுமானால் அக்காலத்து ஆவணமோ, அவற்றை ஆராய்ந்த வரலாற்றாசிரியரின் நூலோ தேவை. ‘விற்றார் என்று கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் சொல்கிறார்கள்’ என்று எழுதுவதற்கு, மக்கள் அப்படிச் சொல்வதைப் பதிவு செய்த ஒரு நல்ல நாளிதழ்க் கட்டுரையே போதும். பேச்சில் ‘விற்றாராம்’ என்போமே, அந்த ‘ஆம்’ செய்கிற வேலைதான் இது. கேட்டதைக் கண்டதாகச் சொல்லாமலிருக்க நம் மொழியே ஒரு விகுதி வைத்திருக்கும்போது, எழுத உட்கார்ந்ததும் அதை ஏன் உதறுகிறோமோ தெரியவில்லை.

நாளிதழ்ச் செய்தியிலும் ஒரு கண்ணி உண்டு. செய்தி எழுதியவர் அதே கலைக்களஞ்சியப் பக்கத்தைப் பார்த்து எழுதியிருந்தால், பக்கம் சொன்னதே பக்கத்துக்குச் சான்றாகத் திரும்பி வரும். ஆகவே அந்த வரி பக்கத்தில் முதன்முதலில் ஏறிய நாளையும் செய்தி அச்சான நாளையும் ஒப்பிடுங்கள். செய்தி பிந்தியதானால், அதற்கும் முந்தைய அச்சுச் சான்றைத் தேடுவதே நல்லது.

கேள்வி: அதே அணையைப் பற்றிய பக்கத்தில் ஒருவர் ‘ஆபத்தான அணை’ என்கிறார், இன்னொருவர் அதை அழித்து ‘உறுதியான அணை’ என்கிறார். ஒரே நாளில் ஆறேழு முறை மாறிவிட்டது. எது சரி?
– ஓர் ஆசிரியை, வண்டிப்பெரியாறு

பதில்: இரண்டு அடைமொழியுமே வேண்டாம். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் குடியிருக்கும் உங்களுக்கு இந்தச் சொல் வெறும் சொல்லன்று என்பதை அறிவேன். ஆனால் கலைக்களஞ்சியம் தன் குரலில் அஞ்சவும் கூடாது, அபயம் தரவும் கூடாது. கேரள அரசு எந்தக் காரணங்களைக் காட்டிப் புதிய அணை கேட்கிறது, தமிழ்நாடு எந்த ஆய்வுகளைக் காட்டி மறுக்கிறது, 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று 2014 மே 7 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் மேற்பார்வைக்கு ஏன் மூவர் குழுவை அமைத்தது என்பவற்றை, சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதினால் அடைமொழிக்கு வேலையிருக்காது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மாற்றியவரைத் தடை செய்யலாம். அவர் சொன்னதே சரியாக இருந்தாலும் விதி விலகாது. எனவே நீங்கள் மூன்றாமவராக அந்த இழுபறியில் இறங்காமல், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் இரு தரப்புச் சான்றுகளையும் வைத்து ஒரு மாற்று வாக்கியத்தை முன்மொழியுங்கள். முடிவில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டால் உங்கள் பயனர் பெயரும் நேரமும் தாமே பதிவாகிவிடும்.