இஎஸ்-175: பிரிட்ஜ் நகர்ந்துவிட்டால்

முதலில் மனமார்ந்த வாழ்த்துகள், நண்பரே! இத்தனை ஆண்டு ஏங்கிய கிப்சன் நிறுவனத்தின் இஎஸ்-175 மின்கிட்டார் கைக்கு வந்துவிட்டது. ஜாஸ் கலைஞர் ஜோ பாஸ் வாசித்த அதே வகைக் கிட்டார். யாரோ வாசித்துப் பழக்கியது என்பதே அதன் அழகு.

தந்திகளை எல்லாம் ஒரே நேரத்தில் கழற்றியதும் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் தனியே வந்துவிட்டது, இப்போது மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில்) சுருதி சேரவில்லை என்கிறீர்கள். எதுவும் உடையவில்லை, கலங்காதீர்கள். இந்தக் கிட்டாரில் பிரிட்ஜை ஒட்டுவதே கிடையாது. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. தயவுசெய்து பசை பக்கம் போகாதீர்கள்.

மேல்பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பிரிட்ஜின் கால்கள் நெடுநாள் அழுத்திய மங்கலான தடம் பெரும்பாலும் தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள். 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் சுரத்தையும் சுருதி காட்டும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜைக் கழுத்திலிருந்து விலக்குங்கள். இறங்கியிருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். மயிரிழை போதும். நகர்த்தும் முன் தந்திகளைச் சற்றுத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் வார்னிஷில் கீறல் விழும். இரு ஓரத் தந்திகளும் சேர்ந்தால் மற்றவை பெரும்பாலும் வழிக்கு வரும். தடித்த தந்திப் பக்கம் பிரிட்ஜ் சற்றே பின்வாங்கி நின்றால் அது குறையல்ல.

இனித் தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மேற்புறம் வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் தந்திகள் போட்டு, கழுத்துப் பக்கப் பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) டோன் குமிழைக் குறைத்து வாசித்துப் பாருங்கள், அப்படியொரு இதமான, உருண்டையான ஒலி!

எந்த ஆண்டுக் கிட்டார்? 1957இல்தான் இதில் இரைச்சலைக் குறைக்கும் ஹம்பக்கர் பிக்கப் வரத் தொடங்கியது. அதற்கு முந்தையது என்றால் பி-90 என்ற பழைய வகைப் பிக்கப் இருக்கும். படம் போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறது.