ஆட்டோவை விட்டு இறங்குங்கள்

கேள்வி: வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்தேன். பார்த்தசாரதி கோயில் பக்கம் வீடு. காலையில் ஆட்டோ, சாயங்காலம் ஆட்டோ, அவ்வளவுதான். பக்கத்துத் தெருகூடத் தெரியாது. நடந்து பார்க்கலாமென்றால் போனில் மேப்பைப் பார்த்தபடி தெருத்தெருவாகப் போகக் கூச்சமாக இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?
- வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: மேப்பைப் பைக்குள் போடுங்கள். உங்கள் பேட்டையில் தொலைந்துபோவது அத்தனை சுலபமில்லை. கிழக்கே நடந்தால் கடல் வந்து நிறுத்தும், மேற்கே திருவல்லிக்கேணி ஹை ரோடு, வடக்கே பாரதி சாலை. இந்த மூன்றுக்குள் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஏதாவது ஒன்றில் வெளியே வந்துவிடுவீர்கள்.

அப்புறம், சுற்றிப் பார்க்கவென்று கிளம்பாதீர்கள், வேலையாகக் கிளம்புங்கள். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வேண்டும், மிக்ஸி ரிப்பேர், பூ வாங்க வேண்டும் என்று கையில் ஒரு காரியம் இருந்தால் கூச்சம் போய்விடும், வழி கேட்கவும் ஒரு சாக்கு கிடைக்கும், தையல்காரர் யாரென்று பூக்காரம்மாவிடம் கேட்டால் அவர் வழியோடு சேர்த்து அந்தத் தெருவின் கதையில் பாதியையும் சொல்லிவிடுவார்.

முதலில் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளும் குளக்கரையும். ஒரே தெருவைக் காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் நடந்து பாருங்கள், இரண்டும் வேறு தெரு. கோயில் பல்லவர் காலத்தது. உள்ளே மீசை வைத்த பெருமாளைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போய்விடுங்கள், இவ்வளவு பக்கத்தில் வீடு எடுத்துவிட்டு அவரைப் பார்க்காமல் இருப்பது நியாயமில்லை. அங்கிருந்து துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு சில நிமிட நடை. பாரதியார் கடைசியாகக் குடியிருந்து 1921 செப்டம்பரில் காலமான வீடு அங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. பலர் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், நீங்கள் உள்ளே போங்கள்.

பேட்டைக்கு இன்னொரு பாதி உண்டு, கோயில் பக்கத்து ஆட்களில் சிலர் வருடக்கணக்காக அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதே இல்லை. ஹை ரோட்டில் வாலாஜா பெரிய மசூதி, 1795-இல் ஆற்காடு நவாப் குடும்பம் கட்டியது. ரமலான் மாதத்தில் இங்கே நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பரிமாறுவது சிந்தி சமூகத்துத் தொண்டர்கள். பல வருட வழக்கம். அந்த மாதத்தில் ஒரு சாயங்காலம் அந்த ரோட்டில் நடந்தால் திருவல்லிக்கேணி உங்களுக்கு வேறு ஊராகத் தெரியும். பசித்தால் அதே ரோட்டில் ரத்னா கஃபே இருக்கிறது, 1948-லிருந்து. இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துச் சாப்பிடுகிற இடம், சட்னி பக்தர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடல் பக்கம் போனால் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842-இல் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இப்போது அவர் பெயரில் இருக்கிறது.

வெளியூர் ஆண்கள் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷன்கள் நிறைந்த தெருக்களில் அவர்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், முக்கால்வாசிப் பேர் உங்களைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனாலும் ராத்திரி பத்துக்கு மேல் சந்துகளை விட்டுவிட்டு மெயின் ரோடாகவே வாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு இரண்டு நம்பர், தெருவுக்கு இரண்டு பெயர். யாருக்கு எதைச் சொல்வது?
- வாசகர், ராயப்பேட்டை

பதில்: இரண்டையும் சொல்லுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதினால்தான் சென்னையில் கூரியர் வீடு வந்து சேரும். தெருவுக்கும் அப்படித்தான், உதாரணமாக வயதானவரிடம் பழைய பெயரான பைக்ராஃப்ட்ஸ் ரோடு, போனில் புதிய பெயரான பாரதி சாலை. அதற்கும் மேலே, எதிரில் இருக்கும் கடையின் பெயர்தான் உண்மையான முகவரி.

கேள்வி: மேற்கு மாம்பலத்துக்குக் குடிவந்திருக்கிறோம். அப்பாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. நடைபாதை முழுக்க பைக்கும் கடையும். எங்கே நடக்க வைப்பது?
- வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: தெருவிலேயே நடக்க வேண்டுமென்றால் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு அது பைக்குகளுக்குச் சொந்தம். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பஸ் நிலையத்துக்கு 2023-இல் திறந்த நடைமேம்பாலம் இருக்கிறது, லிஃப்டும் உண்டு, படியேற வேண்டாம். அந்தப் பக்கம் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தால் வெங்கடநாராயணா சாலையில் நடேசன் பூங்கா. இல்லையென்றால் பாண்டி பஜார். 2019-இல் நடைபாதையை அகலமாக்கி நடுநடுவே உட்கார இடமும் போட்டிருக்கிறார்கள். சனி, ஞாயிறு சாயங்காலம் மட்டும் கூட்டிப்போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் முழங்கால் நன்றாக இருக்கிற என்னாலேயே முடியாது.