ஒரு மாலைப் பறத்தலை நம்பி முன்பணம் கட்டலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் வொலோங்காங்கில் இருக்கிறேன். ஐந்து வருடமாக ஹேங் கிளைடர் (எஞ்சின் இல்லாத துணி இறக்கையில் தொங்கியபடி பறப்பது) ஓட்டுகிறேன். கையில் இருப்பது ஒற்றை அடுக்குத் துணியுள்ள ஃபால்கன். அதில் சுமார் 120 மணி நேரம் பறந்திருக்கிறேன். போன மாதம் ஒரு மாலை, ஸ்டான்வெல் பார்க் குன்றிலிருந்து ஒரு விற்பனையாளரின் புது டாப்லெஸ் கிளைடரை ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். கையில் பிடித்து ஓட்டும் கம்பியைக் கொஞ்சம் இழுத்தாலே பாய்கிறது. இறங்க மனமே வரவில்லை. இந்த வாரம் முன்பணம் கட்டினால் இந்தக் கோடைக்கே கிடைத்துவிடும் என்கிறார். கட்டலாமா?

பதில்: இன்னும் கட்டாதீர்கள். நீங்கள் உணர்ந்தது பொய் என்று சொல்லவில்லை. முதல் தடவை டாப்லெஸ்ஸில் ஏறிய மாலை எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிளைடரின் மேலே நிற்கும் கம்பமும் அதிலிருந்து இறங்கும் ஒயர்களும் இல்லாததால் காற்றின் இரைச்சலே மாறிவிடுகிறது. வேகம் கூடும்போது பழைய கிளைடர் உயரத்தைச் சீக்கிரம் இழக்கும். இது உயரத்தை அவ்வளவாக இழக்காமல் முன்னே போய்க்கொண்டே இருக்கும். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் உங்கள் ஃபால்கன் போன்றது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் போகும் என்றால், டாப்லெஸ் 15 கிலோமீட்டர் வரை போகும். அந்த வித்தியாசத்தை ஒரு தடவை அனுபவித்தவருக்குப் பழைய கிளைடர் கனமாகத்தான் தெரியும்.

ஆனால் நீங்கள் ஓட்டிய இடத்தையும் நேரத்தையும் பாருங்கள். மாலைக் கடற்காற்று குன்றின் மேல் ஒரே சீராக ஏறி வரும். அந்தக் காற்றில் எந்தக் கிளைடரும் சொன்னபடி கேட்கும். கடை விளக்கில் பார்த்த புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிரித்துப் பார்த்துத்தானே வாங்குவோம்? இதையும் வெயிலில் பார்க்க வேண்டும்.

முதலில் வி.ஜி. கயிறு. அதை இழுத்தால் உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டம் பின்னால் நகர்ந்து துணி விறைப்பாகும், இறக்கை முனையின் முறுக்கு குறையும், கிளைடர் தூரம் போகும். அதற்குக் கொடுக்கும் விலை, பக்கவாட்டில் திருப்பக் கை வலிக்கும். வேகமாகப் போகும்போது இடமும் வலமும் ஆட ஆரம்பித்தால், அதை அடக்கப் போய்க் கையாலேயே ஆட்டத்தைக் கூட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அன்று மாலை எவ்வளவு கயிறு இழுத்திருந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? நடுப்பகல் தெர்மலில் (வெயிலில் சூடாகி மேலே எழும் காற்றில்), கயிறு முழுவதும் தளர்ந்த நிலையில், சின்ன வட்டம் போட்டுப் பார்த்தால்தான் உங்கள் கைக்கு அது ஒத்துவருமா என்பது தெரியும்.

அடுத்தது தரையிறக்கம். இதில் என் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய கிளைடருக்குப் பழகிய உயரத்திலேயே வேலியைத் தாண்டி வந்தேன். தரைக்கு ஒரு மீட்டர் மேலே வந்ததும் பழையது உட்கார்ந்துவிடும். இது உட்காரவில்லை, மிதந்துகொண்டே போனது. மைதானத்தின் எல்லை நெருங்கவே வேகம் குறையும் முன்பே கம்பியைத் தள்ளினேன். கிளைடர் எகிறியது, ஒரு பக்கம் சாய்ந்து மூக்கு குத்தியது. ஒரு டவுன்டியூப் (கம்பியைத் தாங்கும் பக்கக் குழாய்) வளைந்தது, தோள்பட்டை இரண்டு மாதம் வலித்தது. கிளைடரில் குறை ஒன்றும் இல்லை. அதன் வேகத்தைக் கரைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. டாப்லெஸ் ஓட்டுபவர்களில் பலர் இறங்கும்போது விரிக்க ஒரு சின்ன டிரோக் பாராசூட் வைத்திருப்பது இதற்காகத்தான்.

எனவே விற்பனையாளரிடம் அதே டெமோவை இன்னும் மூன்று நாள் கேளுங்கள். ஒரு நாள் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, வெயில் நேரத்தில். ஒரு நாள் காற்று அதிகம் இல்லாத பெரிய மைதானத்தில், தரையிறங்கிப் பழகுவதற்கு மட்டும். உள்ளே தள்ளி இருக்கும் ஃபோர்ப்ஸ் ஊர்ப் பக்கம் போய் விமானத்தின் பின்னால் இழுவையில் ஏறும் எண்ணம் இருந்தால், அனுபவமுள்ள ஒருவர் மேற்பார்வையில் அதையும் ஒரு நாள். தரமாட்டேன் என்றால் அவரிடம் அவசரப்பட்டு வாங்க ஒன்றுமில்லை.

என் கருத்தைக் கேட்டால், நடுவில் ஒரு படி இருக்கிறது: மோயஸ் கெக்கோ, வில்ஸ் விங் ஸ்போர்ட் 3 மாதிரி, கம்பமும் இருக்கும், இரட்டை அடுக்குத் துணியும் வி.ஜி.யும் இருக்கும் கிளைடர்கள். பழையதாக ஒன்று வாங்கி இரண்டு கோடை ஓட்டுங்கள். பராமரித்து வைத்தால் விற்கும்போது பெரிய நஷ்டம் வராது, வி.ஜி.யும் கைக்குப் பழகிவிடும்.

அப்புறம், எப்போது முன்பணம் கட்டினாலும் மாடல், அளவு, துணி வகை, நிறம், தரும் தேதி, தாமதமானால் பணம் திரும்புமா என்பதை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மனம் மாறிவிட்டது என்ற காரணத்துக்குப் பணத்தைத் திருப்பித் தர ஆஸ்திரேலியச் சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்துவதில்லை.

கேள்வி: மோயஸா, வில்ஸ் விங்கா? எது அதிக தூரம் போகும்?

பதில்: 2012 ஜூலை 3 அன்று டெக்சாஸின் சபாட்டாவிலிருந்து டஸ்டின் மார்ட்டின் 764 கிலோமீட்டர் பறந்து உலக சாதனை படைத்தார்; அவருடையது வில்ஸ் விங் டி2சி. அன்று நாள் முழுக்க அவரோடு பறந்த ஜானி டுராண்டிடம் இருந்தது மோயஸ் லைட்ஸ்பீட். அவர் சுமார் 5 கிலோமீட்டர் குறைவாகப் பறந்து இறங்கினார். அவ்வளவு நீண்ட பயணத்தில் இவ்வளவு சின்ன இடைவெளி என்றால், பிராண்டை வைத்து நீங்களும் நானும் குழம்ப வேண்டியதில்லை. உங்கள் ஊரில் எதற்கு உதிரிபாகம் சீக்கிரம் கிடைக்கும், எதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறார் என்று பாருங்கள்.

கேள்வி: நான் பெண், எடை 58 கிலோ. கெக்கோவில் நான்கு வருட அனுபவம் உண்டு. தெரிந்தவர் ஒருவர் தன் டாப்லெஸ்ஸை நல்ல விலைக்குத் தருகிறார். அவர் 90 கிலோவுக்கு மேல். பார்க்கப் புதிது போல இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: விலையைப் பார்க்கும் முன் அளவைப் பாருங்கள். உங்கள் 58 கிலோவோடு ஹார்னஸ் (உங்களைக் கிளைடரில் தொங்கவிடும் பட்டை உறை), பாராசூட், ஹெல்மெட், கருவிகள், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு தராசில் நின்று எடை பாருங்கள். எழுபதைக் கொஞ்சம் தாண்டும். அந்த எண் கிளைடரின் கையேட்டில் உள்ள எடை வரம்புக்குள், முடிந்தால் நடுவில் வர வேண்டும். அவருக்குப் பொருந்திய அளவு உங்களுக்குப் பெரிதாகத்தான் இருக்கும். பெரிய இறக்கையை நம் உடல் எடையால்தான் திருப்புகிறோம். எடை போதாவிட்டால் தெர்மல் உங்களைத் தன் இஷ்டத்துக்குத் தூக்கித் திருப்பும். டாப்லெஸ்ஸே முப்பது கிலோவைத் தாண்டும் என்பதால், அதைத் தோளில் வைத்து ஏவுமிடத்துக்கு நடப்பதும் கணக்கில் வரட்டும்.

அளவு சரியாக அமைந்த வேறொன்று கிடைத்தால், முதலில் ஸ்ப்ராக்குகளைப் பாருங்கள். இறக்கை முனைக்குப் பக்கத்தில் துணிக்குள் இருக்கும் இந்தத் தண்டுகள், மூக்கு கீழே குத்தும்போது பின்விளிம்பைத் தூக்கிப் பிடித்து மீட்பவை. போட்டியில் ஓட்டுபவர்களில் சிலர் கம்பியின் அழுத்தம் குறைய வேண்டும் என்று அவற்றைத் தாழ்த்திவிடுவார்கள். தாழ்த்திய கிளைடர் கொந்தளிப்பில் தலைகீழாகப் புரண்டுபோக வாய்ப்பு அதிகம். டிஜிட்டல் லெவலால் கோணத்தை அளந்து, கையேட்டின் எண்ணோடு ஒப்பிட்டபின்தான் விலை பேசுங்கள்.

கடற்கரையில் பறந்ததா என்றும் கேளுங்கள். ஆணிகளைச் சுற்றிலும் குழாய்ப் பொருத்துகளிலும் வெள்ளைப் பொடி இருந்தால் உப்பு அரித்திருக்கிறது. கார்பன் சட்டத்தில் முடியளவு விரிசலும் இருக்கக் கூடாது. பக்க ஒயர்கள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்பதற்குப் பதில் வரவில்லை என்றால் புது ஒயர் விலையைக் கழித்துப் பேசுங்கள். தெரிந்தவரிடம் தனிப்பட்ட முறையில் வாங்கும்போது தரம் பற்றிய சட்ட உத்தரவாதம் கிடைக்காது. பார்க்க வேண்டியதை எல்லாம் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: கடையில் வாங்கிய புதுக் கிளைடர் கையை விட்டால் இடப்பக்கம் திரும்புகிறது. "பழகிவிடும்" என்கிறார் விற்றவர். மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: பழகத் தேவையில்லை, நேராகப் போக வேண்டும். முதலில் பேட்டன் (இறக்கைத் துணிக்குள் செருகும் வளைந்த தண்டு) ஒவ்வொன்றையும் கிளைடரோடு வந்த வரைபடத்தின் மேல் வைத்து, இரு பக்கமும் ஒரே வளைவா என்று பாருங்கள். கொண்டுவரும் வழியில் ஒன்று நெளிந்திருந்தாலே இப்படித் திரும்பும். அது சரியாக இருந்தால் அதற்கு மேல் எதையும் நீங்களே திருகாதீர்கள். வி.ஜி. எந்த நிலையில் எவ்வளவு திரும்புகிறது என்பதைத் தேதியோடு எழுதி, விற்றவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

2011 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருப்பது விற்ற கடையின் பொறுப்பு. 2021 ஜூலையிலிருந்து 1 லட்சம் டாலர் வரை விலையுள்ள பொருளுக்கும் இது பொருந்தும். தயாரிப்பாளரிடம் போய்க் கேளுங்கள் என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. சின்னக் குறை என்றால் நியாயமான காலத்துக்குள் இலவசமாகச் சரிசெய்து தரலாம். பெரிய குறை என்றால்தான் மாற்றுக் கிளைடரா, பணமா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். இதுபோன்ற திருப்பம் பெரும்பாலும் இறக்கை முனையைச் சரிசெய்தாலே போய்விடும் என்பதால், முதலில் அதைச் செய்து, அவரே ஓட்டிப் பார்த்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டு தடவை சரிசெய்தும் போகவில்லை என்றால், அந்த மின்னஞ்சல்களோடு நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் புகார் கொடுங்கள்.