ஜூனில் நட்டால் ஆகஸ்டில் விறகு: வளவு மரங்கள் பற்றிய கேள்வி-பதில்

கார்த்திகைப் பூச்செடி தை பிறந்ததும் மஞ்சளாகிப் பட்டுவிட்டது. தினமும் தண்ணீர் விட்டும் துளிர்க்கவில்லை. (வாசகி, நாவற்குடா)

அது சாகவில்லை அம்மா, உறங்குகிறது. இனி நீங்கள் விடும் தண்ணீர்தான் கிழங்கை அழுக வைக்கும். இடத்தில் ஒரு தடியை ஊன்றிவிட்டு மறந்துவிடுங்கள். ஐப்பசி மழைக்குத் தானே எழும்பும். தோண்டிப் பார்க்க வேண்டாம். கிழங்கின் நுனியில் முளைக்கண் ஒன்றே ஒன்றுதான், அது ஒடிந்தால் கதை முடிந்தது. கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. வற்றாளைக் கிழங்கு என்று நினைத்து யாரும் அவித்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம். இலை பச்சை, பூ மஞ்சள். பெயர் என்ன? (வாசகர், ஊர் எழுதவில்லை)

பாதிக் காடு அப்படித்தான் இருக்கும். ஊர், மண், மரத்தின் உயரம், காயின் வடிவம், கிள்ளினால் பால் வருகிறதா என்பதையெல்லாம் எழுதுங்கள். எத்தனை தடவை சொல்வது?

வீடு கடலுக்கு மிக அருகில். சவுக்கு நடலாமா? (வாசகர், புன்னைக்குடா)

ஊரின் பெயரிலேயே விடையை வைத்துக்கொண்டு சவுக்கைக் கேட்கிறீர்களே! சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் சவுக்கை வரிசை வரிசையாக நட்டார்கள். அதன் சருகு மெத்தைக்குக் கீழே வேறெதுவும் எளிதில் தலையெடுக்காது. கடல் பக்கம் அடம்பனும் இராவணன் மீசையும் படரட்டும். மணலைப் பிடித்து வைப்பவை அவைதான். அதற்குப் பின்னால் தாழை, அதற்கும் பின்னால் புன்னையும் பூவரசும். பூவரசுக்குக் கதியால், அதாவது வெட்டி ஊன்றும் தடி, போதும். புன்னை விதையின் ஓட்டைப் பருப்பு நசுங்காமல் உடைத்துப் புதைத்தால் விரைவாக முளைக்கும்.

தொப்பிகல பக்கம் போனபோது மரத்தில் ஒட்டியிருந்த ஓர்க்கிட் ஒன்றைக் கொண்டுவந்தேன். எப்படிப் பிழைக்க வைப்பது?

முதலில், கொண்டுவந்திருக்கவே கூடாது. ஒதுக்கக் காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம். வந்துவிட்டதைச் சட்டிக்குள் மண்போட்டுப் புதைக்காதீர்கள். சொரசொரப்பான பட்டையுள்ள மரத்தில், காலை வெயில் படும் பக்கம், தும்புக் கயிற்றால் கட்டுங்கள். இனிமேல் காட்டிலிருந்து செடியைப் பிடுங்காதீர்கள். பாதையோரத்தில் உதிர்ந்து கிடக்கும் விதை போதும்.

சுற்றாடல் தினத்தன்று பாடசாலை மைதானத்தில் 100 மருதங்கன்றுகள் நட்டோம். ஆவணிக்குள் ஏறக்குறைய எல்லாம் பட்டுவிட்டன. எந்த உரம் போட்டிருக்க வேண்டும்? (ஆசிரியர், அக்கரைப்பற்றுப் பக்கம்)

உரமா? நாட்காட்டியைப் பார்த்திருக்க வேண்டும் ஐயா. ஜூன் 5 உலகத்துக்குச் சுற்றாடல் தினம். நமக்கு அது கச்சான் காற்றுக் காலம். மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,650 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் கொட்டிவிடும். ஜூன் மாதம் முழுவதற்கும் கிடைப்பது 25 மில்லிமீற்றர் அளவுதான். மலையைத் தாண்டி இறங்கும் அந்தச் சூட்டுக் காற்றில் வளர்ந்த வேம்பே இலை சுருட்டுகிறது. ஒரு முழக் கன்று என்ன செய்யும்? மேற்கே தென்மேல் பருவமழை கொட்டும் மாதத்தைப் பார்த்து இங்கே விழா வைக்கிறோம். அதிதி வருகிறார், ரிப்பன் வெட்டுகிறார், படம் எடுக்கிறார்கள், பூவாளி களஞ்சிய அறைக்குப் போகிறது. இப்படிப் பட்டுப்போன ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பொலித்தீன் பையைக்கூடக் கிழிக்காமல் நட்டிருந்தார்கள். வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கட்டியாகிக் கிடந்தது.

கண்டல் நடுகையிலும் இதே கதைதான். சுனாமிக்குப் பிறகு நாட்டில் 1,000 ஹெக்டேயருக்கு மேல் கண்டல் நட்டார்கள், நிலைத்தது 200 சொச்சம். நீர்மட்டம் பாராமல் நட்டது, நட்டபின் திரும்பிப் பாராதது, மாடு மேய்ந்தது என்று காரணங்கள் பல.

சுற்றாடல் தினத்தை விட மனமில்லையென்றால், அன்றைக்குப் பிள்ளைகளைக் கொண்டு நாற்றுப் பைகளில் மண் நிரப்புங்கள். பாலைப்பழம் தெருவோரம் விற்கும் காலம் அதுதான்; பழத்தைத் தின்றுவிட்டு விதையைக் கழுவி உடனே ஊன்றலாம். இலுப்பை விதை உதிரும்போது அதையும் அப்படியே செய்யுங்கள்; காயவைத்து டப்பாவில் பத்திரப்படுத்தினால் முளைக்காது. கிடுகுப் பந்தலின் கீழ் நாற்றுமேடை போதும். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்தபிறகு நடுங்கள், பையைக் கிழித்துவிட்டு. முதல் இரண்டு கோடைக்கும் அடியில் சருகு மூடாக்கும் வாரம் இரண்டு வாளித் தண்ணீரும் வேண்டும். 100 கன்று நடாதீர்கள், 10 நடுங்கள். மருது ஆற்றங்கரை மரம். மணல் மைதானத்தில் அதை நட்டதே முதல் பிழை.

கறிவேப்பிலையை மயிர்க்கொட்டி தின்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

மயிர் இருந்ததா? பெரும்பாலும் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறிதில் பறவை எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், பிறகு பச்சையாகும். விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவர்க்கொம்பு ஒன்றை நீட்டி ஒரு நாற்றம் விடும். விட்டால் அதுதான். நீங்கள் தின்னும் இலைக்கு நஞ்சடிப்பதா? எலுமிச்சை அல்லது விளா மரம் இருந்தால் புழுக்களை அதற்கு மாற்றுங்கள்.

10 பேர்ச் காணி. பாலையா, விளாவா?

விளா. விதையிலிருந்து வந்தால் காய்க்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகலாம், முள்ளும் உண்டு. பாலை இன்னும் மெதுவாக வளரும், பிறகு உங்கள் கூரையையும் அயல்வீட்டுக் கூரையையும் சேர்த்து மூடும். அதற்குக் கோயில் வளவோ பள்ளிவாசல் காணியோ பாருங்கள்.

புளி நம் நாட்டு மரமா? இல்லையென்றால் வெட்டிவிடட்டுமா?

ஆபிரிக்காவிலிருந்து வந்தது, மிகப் பழைய காலத்தில். காட்டைப் பிடித்து அழிக்கும் மரமல்ல. கோடரியைக் கீழே வையுங்கள். அந்த வேகம் இருந்தால், அப்படி இடத்தைப் பிடித்துப் பரவும் வெளிநாட்டு மரமான இப்பில்-இப்பிலை வேலியோரத்திலிருந்து வேரோடு பிடுங்குங்கள்.