பேர் தெரியாத நைட் டூட்டி சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்றது?

கேள்வி: அப்பா 11 நாள் ஐசியுல, வென்டிலேட்டர்ல இருந்தார். ஒரு ராத்திரி என்னை உள்ள விட்ட அஞ்சு நிமிஷத்துல பாத்தேன், நினைவே இல்லாம கிடக்குற அவர்கிட்ட ஒரு சிஸ்டர் "அப்பா, இப்ப உங்கள இடது பக்கம் திருப்பப் போறோம், பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டுதான் தொட்டாங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு காசு கொடுத்தேன், முகமே மாறிடுச்சு, வேணாம்னுட்டாங்க. பேர் கூட கேக்கல. ரெண்டு மாசமா உறுத்துது, என்ன செய்யலாம்?

பதில்: காசு விஷயத்த முதல்ல முடிச்சிடுவோம். நீங்க தப்பா நினைச்சு கொடுக்கல, ஆனா நிறைய ஆஸ்பத்திரில பேஷன்ட் வீட்டாளுங்ககிட்ட ஸ்டாஃப் காசு வாங்கவே கூடாது, வாங்கினது தெரிஞ்சா அவங்க வேலைக்கே ஆபத்து, போதாததுக்கு பக்கத்து பெட்காரங்க "ஓஹோ கொடுத்தாதான் பாப்பாங்க போல"ன்னு பேச ஆரம்பிச்சிடுவாங்க. முகம் மாறினது அதனாலயா இருக்கும். விடுங்க.

ஒரு லெட்டர் எழுதுங்க. அவ்ளோதான். சாதாரணமா தெரியுதுல்ல? யோசிச்சுப் பாருங்க, கோவம் வந்தா நாம உடனே பேப்பர் கேட்டு வாங்கி கம்ப்ளைன்ட் எழுதுறோம், நன்றிய மட்டும் வாய் வார்த்தையா சொல்லிட்டு லிஃப்ட் ஏறிடுறோம். அப்ப ஒரு நர்ஸோட ஃபைல்ல என்னதான் சேரும்?

பேர் தெரியலையேன்னு கவலைப்படாதீங்க. தேதி, வார்டு, பெட் நம்பர், எந்த ஷிஃப்ட், இது போதும், டூட்டி ரோஸ்டர பாத்து அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க, பெட் நம்பர் டிஸ்சார்ஜ் பேப்பர்லயோ பில்லுலயோ இருக்கும். நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டுக்கு எழுதுங்க, அந்த சிஸ்டருக்கும் ஒரு காப்பி சேரணும்னு கீழ போடுங்க.

என்ன எழுதுறதுன்றதுதான் முக்கியம். "தெய்வம் மாதிரி பாத்துக்கிட்டாங்க"ன்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க. எனக்கு அந்த வார்த்தையே ஆகாது, தெய்வம்னு சொல்லிட்டா அப்புறம் அவங்களுக்கு தூக்கம் வேணும் லீவு வேணும் சம்பளம் வேணும்னு யாருக்கும் தோணாது. எனக்கு எழுதினீங்களே, அந்த இடது பக்கம் திருப்புற விஷயம், அத அப்படியே எழுதுங்க. படுத்த படுக்கையா இருக்குறவங்கள சில மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடணும், இல்லன்னா புண் வந்துடும், அது டூட்டி. நினைவில்லாதவருக்கும் காது கேக்கலாம்னு நினைச்சு சொல்லிட்டுத் தொடுறது, யாருமே செக் பண்ணப் போறதில்லன்னு தெரிஞ்சும் செய்றது. நீங்க பாக்கலன்னா அது நடந்ததே யாருக்கும் தெரியாது.

இதுக்குன்னே ஒரு அவார்டும் இருக்கு, டெய்ஸி அவார்டுன்னு பேரு, பல நாட்டு ஆஸ்பத்திரிங்கள்ல கொடுக்குறாங்க. பூ பேர்னு நினைச்சிடாதீங்க, நோய் எதிர்ப்பு சக்திய தாக்குற வியாதிங்கன்றதோட இங்கிலீஷ் முதலெழுத்துங்க அது. அமெரிக்கால பேட்ரிக் பார்ன்ஸ்னு ஒருத்தர், ரத்தத் தட்டணுக்கள உடம்பே அழிச்சுக்குற வியாதில 1999ல, 33 வயசுல போயிட்டார். பிள்ளைய காப்பாத்த முடியாமப் போச்சு, ஆனா அந்தக் குடும்பத்துக்கு நர்சுங்க நடந்துக்கிட்ட விதம் மறக்கல, அதுக்கு நன்றியா ஆரம்பிச்சதுதான் இது. பேஷன்ட்டோ வீட்டாளுங்களோ கூட நடந்தத எழுதி நாமினேட் பண்ணலாம். உங்க ஆஸ்பத்திரில அது இருக்கான்னு ஒரு போன் போட்டு கேளுங்க, இல்லன்னா அங்கயே நர்சஸ் டேக்கு, அதான் மே 12, ஏதாவது பாராட்டு வச்சிருப்பாங்க, அதுக்கு உங்க லெட்டர் உதவும்.

ரெண்டு சின்ன விஷயம். அவங்க போட்டோவ கேக்காம ஃபேஸ்புக்ல போட்றாதீங்க. ஸ்வீட் கொடுக்க ஆசைன்னா மொத்த வார்டுக்கும் கொடுங்க, ஆனா பகல்ல கொடுத்துட்டு வந்தா நைட் ஷிஃப்ட்டுக்கு காலி டப்பாதான் மிஞ்சும், அதனால தனியா ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லுங்க.

ரெண்டு மாசம் ஆயிடுச்சேன்னா, ஆகட்டும். அப்பா இப்ப எப்படி இருக்கார்னு நீங்க எனக்கு எழுதவே இல்ல. லெட்டர்ல மறக்காம எழுதுங்க, ஐசியுவ விட்டு வெளிய போனவங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு அங்க வேலை பாக்குறவங்களுக்கு பெரும்பாலும் தெரியவே வராது.