வரையும் பிள்ளைக்கு யார் கைகொடுப்பார்கள்?

(கிருஷ்ணகிரியில் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். ஊர் நண்பர்களோடு சேர்ந்து, ஓவியமும் டிசைனும் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு உதவும் சிறிய அறக்கட்டளை ஒன்றையும் நடத்திவருகிறார்.)

கேள்வி: சார், என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சென்னை ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்று அடம் பிடிக்கிறாள். அவள் அப்பா தக்காளி மண்டியில் சுமை தூக்குகிறார். சொந்தக்காரர்கள் எல்லாரும் நர்சிங்கில் சேர்த்துவிடு என்கிறார்கள். இன்ஜினீயரிங் என்றால் டிரஸ்ட்காரர்கள் பணம் கட்டுவார்களாம். படம் வரையும் படிப்புக்கு யாராவது கட்டுவார்களா?
ஒரு தாய், பாலக்கோடு

பதில்: அம்மா, பீஸை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டாம். எழும்பூர் பக்கத்தில் இருக்கும் கவின் கலைக் கல்லூரி அரசுக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த பள்ளிதான் வளர்ந்து இன்றைக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு தருகிறது. ஓவியம், சிற்பம் தவிர டெக்ஸ்டைல், செராமிக், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்றும் பிரிவுகள் உண்டு. கும்பகோணத்திலும் இதேபோல ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. வரைய வைத்துப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். சீட்டு குறைவு, போட்டி அதிகம். அதனால் இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள்.

பணம் கரைவது வேறு இடத்தில். முதல் வருடம் பென்சில், கரி, கார்ட்ரிட்ஜ் ஷீட், போஸ்டர் கலர் என்று சமாளித்துவிடலாம். ஆயில் கலர் வந்துவிட்டால் கேன்வாஸ், லின்சீட் ஆயில், டர்பென்டைன், பிரஷ் என்று வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜினீயரிங் படிக்கும் பையன் வாங்கும் கால்குலேட்டர் நான்கு வருடமும் வரும். ஒரு டியூப் வெள்ளை இரண்டு மூன்று படத்திலேயே தீர்ந்துபோகும். கையில் காசு இல்லாத பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? படத்தைச் சின்னதாக வரையும். கலரை மிச்சம் பிடிக்கும். "தைரியமாப் போடும்மா" என்று ஆசிரியர் சொன்னாலும் கை வராது. கடைசியில் அது திறமைக் குறைவு என்று மார்க்கில் வந்து விழும். எத்தனையோ நல்ல பிள்ளைகளுக்கு இப்படி நடந்ததைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எங்கள் அறக்கட்டளை பொருள் வாங்கிக் கொடுப்பதையே முதல் வேலையாக வைத்திருக்கிறது.

எங்களிடம் வரும் பிள்ளையிடம் மார்க் ஷீட்டைக் கடைசியில்தான் கேட்போம். முதலில் ஸ்கெட்ச் நோட்டு. செல்போனைப் பார்த்து வரைந்த நடிகர் முகம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் அதை வைத்து எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. கூடை தூக்கும் அப்பாவின் முதுகையும் கழுத்து நரம்பையும் மண்டியிலேயே உட்கார்ந்து பார்த்து வரைந்திருந்தால், கோடு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளைக்குக் கண் இருக்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் மகளை இன்றைக்கே மண்டிக்கு ஒரு நோட்டோடு அனுப்புங்கள். நுழைவுத் தேர்வுக்கும் அதுதான் பயிற்சி.

அப்புறம், அரசு தருவதை முதலில் வாங்கிவிடுங்கள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் தயாராக வைத்திருந்தால் அரசு விடுதிக்கும் உதவித்தொகைக்கும் கேட்கலாம். நடிகர் சூர்யா 2006-ல் தொடங்கிய அகரம் போன்ற அமைப்புகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மேல்படிப்புக்கு உதவுகின்றன. அங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

எந்த டிரஸ்டுக்கு எழுதினாலும் "ஏழைக் குடும்பம், உதவுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். இந்தப் பருவத்துக்கு இவ்வளவு கேன்வாஸ், இன்னின்ன கலர், கடையில் கேட்ட விலை என்று ஒரு பட்டியலை இணையுங்கள். ஓவியப் படிப்புக்குப் பணம் எதற்கு என்று தெரியாததால்தான் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். தெரிந்தால் கொடுப்பார்கள்.

நர்சிங் அருமையான படிப்புதான். ஆனால் விருப்பம் இல்லாத பிள்ளையை அதில் தள்ளாதீர்கள். விளம்பரம், அனிமேஷன், திருப்பூர் துணி பிரிண்டிங், பள்ளி ஓவிய ஆசிரியர் வேலை என்று இந்தப் படிப்புக்கும் வழிகள் இருக்கின்றன.

கேள்வி: ஐயா, அகமதாபாத் என்ஐடியில் (தேசிய டிசைன் நிறுவனம்) டிசைன் படிக்க ஆசை. கோச்சிங் சென்டரில் கேட்கும் பணம் எங்கள் வீட்டில் கிடையாது. கோச்சிங் இல்லாமல் முடியுமா?
பிளஸ் ஒன் மாணவர், பென்னாகரம்

பதில்: முடியும் தம்பி. அந்த நிறுவனம் 1961-ல் உருவானது. அதற்கு அடித்தளம் போட்டது அமெரிக்க டிசைனர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கை. இந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்தவர்கள் அதில் வியந்து எழுதியது எதைப் பற்றி தெரியுமா? நம் வீட்டுச் சொம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது எடை எந்தப் பக்கம் சாயும் என்றெல்லாம் யோசித்திருக்கிறார்கள். நீயும் அப்படிப் பார்க்கப் பழகு. ஒகேனக்கல் பரிசலை எடுத்துக்கொள். ஏன் வட்டமாக இருக்கிறது, துடுப்பை எந்தப் பக்கம் போட்டால் திரும்புகிறது, பயணி எங்கே உட்காருகிறார் என்று பரிசல்காரரிடம் கேட்டு, வரைந்து, பக்கத்தில் குறிப்பு எழுது. தினமும் ஒரு பொருள் போதும்.

இரண்டு தடைகளைச் சொல்லிவிடுகிறேன். கேள்வித்தாள் தமிழில் வராது, அதனால் ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும். பீஸ் ஆண்டுக்கு லட்சங்களில் இருக்கும். ஐஐடி போன்ற பெரிய நிறுவனங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் செலவைத் தமிழக அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. நீ கேட்கும் படிப்புக்கு அது பொருந்துமா என்று தலைமை ஆசிரியர் மூலம் இப்போதே விசாரி. ஐஐடிகளிலும் டிசைன் பட்டப்படிப்பு உண்டு. அதற்கு யூசீட் என்ற தேர்வை மும்பை ஐஐடி நடத்துகிறது, அதையும் எழுது.

கேள்வி: ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் நண்பர்கள் நாங்கள். மாதம் கொஞ்சம் ஒதுக்கி ஓவிய மாணவர்களுக்கு உதவலாம் என்று நினைக்கிறோம். எப்படிக் கொடுத்தால் பயன்?
வாசகர், ஓசூர்

பதில்: பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கொடுப்பதைவிட, ஒரு பிள்ளைக்கு நான்கு வருடமும் கொடுங்கள். சேரும்போது மாலை போட்டுப் பணம் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். இரண்டாம் வருடம் பெரிய கேன்வாஸ் வாங்கும்போது ஒருவரும் இருக்கமாட்டார்கள். கடைசி வருடம் கண்காட்சி வைக்கும்போது பிரேம் போடவே ஒரு தொகை வேண்டும். டிசைன் பிரிவுப் பிள்ளைகளுக்கு நல்ல லேப்டாப் இல்லாமல் ஓடாது. உங்கள் கம்பெனியில் மாற்றும் பழைய லேப்டாப்களை முறையாகக் கேட்டு வாங்க முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று உங்களால் சுலபமாகச் செய்யக்கூடியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஒரு பெரிய ஓவியரின் அசல் படத்தை நேரில் பார்க்காமலே ஓவியக் கல்லூரிக்குப் போகிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு எவ்வளவு தூரம்? அங்கே தேசிய நவீன கலைக்கூடம் இருக்கிறது, சித்ரகலா பரிஷத் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் வேன் வைத்துக் கூட்டிப் போங்கள். தர்மபுரிப் பிள்ளைகள் என்றால் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் இருக்கும் பழைய ஓவியங்களைக் காட்டுங்கள். எங்கள் பிள்ளைகள் அங்கே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க வரைந்துகொண்டே இருந்தார்கள்.

பணம் கொடுக்கும்போது போட்டோ எடுத்துப் போடாதீர்கள், அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். கல்லூரி திறப்பதற்கு முன்பே தொகை கைக்குப் போய்விடட்டும். முதல் வாரமே பொருள் பட்டியல் கொடுத்துவிடுவார்கள்.