கழுத்துக் கட்டியில் செல் பந்துகள்: கேள்வி–பதில்

*அண்ணனின் கழுத்தில், தாடைக்குக் கீழே இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் 'கரோட்டிட் பாடி பாராகாங்லியோமா, செல்பாலன் அமைப்பு, உட்கரு மாறுபாடு' என்றிருக்கிறது. புற்றுநோயா?*
– வாசகி, திருநெல்வேலி

'செல்பாலன்' ஜெர்மன் சொல். செல் பந்துகள் என்று பொருள். தலைக்குப் போகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில் அரிசிமணி அளவில் 'கரோட்டிட் பாடி' என்ற உறுப்பு உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூளைக்குச் சொல்வது அதன் வேலை. அங்கே முதன்மைச் செல்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். மெலிந்த தாங்கு செல்கள் கொத்தின் ஓரத்தை அணைத்திருக்கும். இடையிடையே நுண்ணிய ரத்தக் குழாய்கள். அது பாராகாங்லியோமா என்ற கட்டியானாலும் பெரும்பாலும் இதே அமைப்புதான், கொத்துகள் மட்டும் பெருத்துப் பெருகியிருக்கும். நுண்ணிய நார்களைக் காட்டும் ரெட்டிகுலின் சாயம் ஏற்றினால் ஒவ்வொரு கொத்தையும் சுற்றிக் கறுப்பு வலை தெரியும்.

உங்களைப் பயமுறுத்தியது 'உட்கரு மாறுபாடு'தானே? சில செல்களின் உட்கரு பெருத்து, கறுத்து, கோணலாக இருக்கும். பார்க்கத்தான் பயங்கரம், இந்தக் கட்டியில் அதை வைத்துப் பரவுமா என்று சொல்ல முடியாது. நிணநீர்க்கணு, எலும்பு, நுரையீரல் போன்ற இடங்களில் இதே செல்கள் தென்பட்டால்தான் பரவியது என்போம். பெரும்பாலானவை பரவுவதில்லை. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வகைப்பாடு 'தீங்கற்றது' என்ற முத்திரையை எடுத்துவிட்டது. எனவே தையல் பிரித்ததோடு விட்டுவிடாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பல ஆண்டுகள் பரிசோதனைக்குப் போகவேண்டும்.

*முதலிலேயே ஊசி போட்டுப் பார்த்திருக்கலாமே?*

ரத்தம் மண்டிய கட்டி. தடித்த ஊசியால் திசு எடுத்தால் ரத்தப்போக்கு ஏற்படலாம். மெல்லிய ஊசியிலோ ஸ்லைடு முழுக்க ரத்தம்தான். அகப்படும் சில செல்களின் விகார உட்கரு, புற்றுநோய் என்று ஏமாற்றும். ஸ்கேனில் இரு தமனிகளும் கவட்டில் அகன்று விலகியிருப்பதே நல்ல சாட்சி.

*லேபில் வேலை செய்கிறேன். எந்தச் சாயங்கள் முக்கியம்?*
– வாசகர், மதுரை

திசுவைப் பதப்படுத்தப் பத்து சதவீத ஃபார்மலின், 3–4 மைக்ரான் வெட்டு. செல்லின் புரதங்களைக் காட்டும் சாயங்களில் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் இரண்டும் முதன்மைச் செல்களில் ஏறும். எஸ்100 ஓரத்துத் தாங்கு செல்களில் ஏறும். சினாப்டோஃபைசினை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள், தைராய்டின் மெடுல்லரி புற்றிலும் அது ஏறும். கெரட்டின், கால்சிடோனின் சேர்த்துப் போடுங்கள்: மெடுல்லரி புற்றில் பொதுவாக இரண்டும் ஏறும், பாராகாங்லியோமாவில் ஏறாது.

அடுத்தது எஸ்.டி.ஹெச்.பி. என்ற புரதத்துக்கான சாயம். செல்லின் உடலில் பொடிப்பொடியாக ஏறினால் இயல்பு. கட்டிச் செல்களில் ஏறாமல் ரத்தக் குழாய்ச் சுவரில் ஏறினால் பரம்பரை மரபணுக் கோளாறைச் சந்தேகிக்கவேண்டும். சுவரிலும் ஏறவில்லையென்றால் சாயமே தவறு, திரும்பப் போடுங்கள். வெளிறிய, பொடியில்லாத பூச்சை 'ஏறியது' என்று எழுதிவிடாதீர்கள்.

அறுவைக்கு முன் ரத்தக் குழாயை அடைத்திருந்தால் திசு செத்துக் கிடக்கும். திசுவோடு லேபுக்கு வரும் விண்ணப்பத்தில் அந்தத் தகவல் இல்லையென்றால், அதையே தீவிரப் புற்றின் அடையாளமாக எண்ணிவிடலாம்.

*அண்ணனுக்கு வந்தால் எனக்கும் வருமா?*
– வாசகி, திருநெல்வேலி

முதலில் அண்ணனின் எஸ்.டி.ஹெச்.பி. முடிவைக் கேளுங்கள். சாயம் ஏறவில்லையென்றால் அவருக்கு மரபணுப் பரிசோதனை தேவை. எஸ்.டி.ஹெச்.டி. மரபணுவில் கோளாறு இருந்தால் ஒரு விசித்திரம்: அப்பா வழி வந்தால் கட்டி வரலாம், அம்மா வழி வந்தால் பெரும்பாலும் வராது.